கடைசி மணிக்குப் பிறகு

பள்ளி விழா மலருக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. ஆயரின் ஆசியுரை, ஆட்சியரின் வாழ்த்து, அடிக்கல் நாட்டியவர் பெயர், ஓட்டுக் கட்டடம் காங்கிரீட் ஆன ஆண்டு, பத்தாம் வகுப்பில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியல். மலர் கைக்கு வந்ததும் பழைய மாணவர்கள் இவற்றைத் தாண்டிக் குழுப் படங்களுக்குப் போய்விடுகிறார்கள். "வார்டன் பிரதர் எங்க நிக்கிறாரு பாரு", "சோறு போடுவாங்களே, அந்த ஆயா இதுல இருக்காங்களா?" என்று தேடுகிறார்கள். அம்மை போட்டுப் படுத்திருந்த வாரம் யார் கஞ்சி கொண்டுவந்தார் என்பதில் அவர்களுக்குள் வாக்குவாதமே நடக்கும்.

ஆகவே கட்டடங்களை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். நம் பகுதிக் கிறிஸ்தவப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது, யார் யார் செய்தார்கள், எங்கே சறுக்கியது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதே இங்கே பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வேலை பெரும்பாலும் நடந்தது கடைசி மணி அடித்த பிறகுதான். விளையாட்டுத் திடலில், சாப்பாட்டுப் பந்தியில், ஸ்டடியில், இரவு விளக்கை அணைக்கும் நேரத்தில். அந்த நேரம்தான் இப்போது பள்ளிகளின் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் ஊர் கலியுக வரதராசப் பெருமாளின் ஊர். கருவறையில் ஓங்கி நிற்கும் கற்கம்பமே சுவாமி. ராமநவமித் திருவிழாவுக்கு விளைந்த தானியத்தையும் ஆடுமாடுகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்து விடுகிற சனம் நம்முடையது. பெருமாளுக்கு முடி கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயாமல் கன்னியர் பள்ளி வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் அரியலூர்ப் பக்கம் புதிதல்ல. அந்தத் தலையை ஒரு தடவு தடவிவிட்டுப் பாடத்துக்குப் போகிற சிஸ்டர்களும் புதிதல்ல. இந்த மண்ணில் கிறிஸ்தவப் பள்ளியின் கதை என்பது கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளைகளின் கதையும்தான்.

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். நிலவியல் நூல்களில் இந்தப் பாறைக்கே கல்லங்குறிச்சிப் படிவம் என்று பெயர். கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் சிப்பிகள் அடுக்கடுக்காகப் புதைந்தது. புத்தகத்தில் படிக்கப் பெருமைதான். சாலைக்கு வந்தால் அதே கல், லாரி லாரியாக சிமென்ட் ஆலைக்குப் போகிறது. மிதிவண்டியில் போன பிள்ளை வீடு திரும்பும் வரை தாய்க்கு நெஞ்சில் நிம்மதியில்லை. மாணவர் நலன் என்ற பேச்சை இந்த ஊரில் யார் எடுத்தாலும் மனநலத்துக்கு முன்னால் லாரியிலிருந்து தொடங்குவது மரியாதை.

இனி பழைய கதை. திருமானூரை அடுத்துக் கொள்ளிடக் கரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி, நமக்கு வீரமாமுனிவர், அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பித் திருக்காவலூர் என்று பெயரிட்ட ஊர். ராஜபிளவையால் அவதிப்பட்ட அரியலூர் அரங்கப்ப மழவராயரைப் பச்சிலை வைத்து அவர் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்பது இன்றும் அங்கே சொல்லப்படும் கதை. தேம்பாவணியையும் சதுரகராதியையும் எல்லோரும் அறிவார்கள். 1720களின் இறுதியில் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலைப் பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும். எனக்கோ நம் பொருளுக்கு அதுதான் முக்கியமான நூல்.

அந்நாளில் ஒரு குருவானவரின் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் சில நாள்தான் வர முடியும். மற்ற நாளெல்லாம் நோயாளியைப் பார்ப்பதும் சண்டை தீர்ப்பதும் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பதும் சாவு வீட்டில் நிற்பதும் வேதியர் எனப்பட்ட உள்ளூர் உபதேசியாரின் வேலை. அந்த மனிதரின் கடமையையும் நடத்தையையும் பற்றி எழுதிய நூல் அது. பின்னால் மிஷன் கிராமங்களில் ஒரே ஆள் காலையில் வாத்தியாராகவும் மாலையில் உபதேசியாராகவும் இருந்தார். பகலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் அவரே உட்கார்ந்திருப்பார். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் தனியாக அறிக்கை தர வேண்டியிருக்கவில்லை.

சீர்திருத்தச் சபையார் பக்கம் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி கரையிறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டிலேயே பள்ளி வைத்தார். பெண் பிள்ளைகளுக்கும் வைத்தார். பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் இருக்க இடமும் மிஷனே கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளையைப் படிக்கக் கூப்பிட்டால் முதலில் அதன் வயிற்றைக் கவனிக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவு அது. அரசாங்கம் அந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் நீதிக்கட்சியார் தொடங்கியது, காமராசர் 1956இல் விரித்தது, எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக்கியது என்று அந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூலை 15ஆம் தேதி காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தபோது, அதைத் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைத்தார்கள். வட்டம் சுற்றி வந்து சேர்ந்தது போல இருந்தது.

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் செய்ததை மாணவர் பராமரிப்பு என்ற தலைப்பில் யாரும் எழுதுவதில்லை. அரசியல் வரலாறாகவே எழுதுகிறார்கள். 1787இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில், தத்தெடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டார். அரியணையில் அமர்ந்த அமர்சிங்கோ பையனை வெளிச்சம் புகாத அறையில் அடைத்தார், படிப்பும் இல்லை. சுவார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டார். காவல் போடச் செய்தார். கடைசியில் 1793இல் பையனைச் சென்னைக்கே அழைத்துப்போய் கெரிக்கே என்ற சக குருவிடம் படிக்கவிட்டார். 1798இல் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி மன்னரானார். இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அவர் செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சை சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருக்கும் காட்சி.

அந்த மன்னர் கடைசிவரை தம் குல வழக்கப்படி கோயிலுக்குப் போனவர். ஐயர் மீது வைத்த பாசத்துக்கு அது குறுக்கே நிற்கவில்லை, ஐயரும் அதை விலையாகக் கேட்கவில்லை. கவனிப்புக்கும் மதமாற்றத்துக்கும் முடிச்சுப் போட்டு இரு தரப்பும் கூச்சலிடும் இந்தக் காலத்தில் அந்தப் பளிங்கை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிற்பாடு சரபோஜி ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் சோறு போட்டுப் பல மொழிகள் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். இருட்டறையில் படிப்பின்றிக் கிடந்த பையனுக்கு அந்த யோசனை வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இந்தப் பழக்கத்துக்கெல்லாம் ஒரு முறைமை கொடுத்து, அதைப் பள்ளி நடத்தும் வழியாக மாற்றியவர் ஜான் போஸ்கோ. 1815இல் வட இத்தாலியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இரண்டு வயதுக்குள் தகப்பனைப் பறிகொடுத்தவர். டூரின் நகரம் அப்போது ஆலைகளும் கட்டட வேலைகளும் பெருகிக்கொண்டிருந்த நகரம். கிராமத்திலிருந்து பிழைக்க வந்த பையன்கள் தெருவில் கிடந்தார்கள், கொஞ்ச நாளில் சிறைக்குப் போனார்கள். சிறைக்குப் போய்ப் பார்த்துவந்த போஸ்கோவுக்கு, விடுதலையானவர்கள் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து சேர்வதுதான் உறுத்தியது. வெளியே அவர்களுக்காகக் காத்திருக்க ஓர் ஆளில்லை.

1841 டிசம்பர் 8ஆம் தேதி காலை. பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கிறார். குளிருக்கு ஒதுங்கிய ஒரு பையனைப் பூசைக்கு உதவத் தெரியாதவன் என்று கோயில்பிள்ளை கழியை எடுத்து அடித்து விரட்டுகிறார். போஸ்கோ அதட்டி, அவன் என் நண்பன், கூப்பிடு என்கிறார். பையன் பெயர் பர்த்தலோமேயு கரேலி. அப்பா இருக்கிறாரா? இல்லை. அம்மா? இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடுவாயா? மாட்டேன். சரி, சீட்டியாவது அடிப்பாயா? பையன் சிரித்துவிட்டான். போஸ்கோ நிறுவிய சலேசிய சபையார் தங்கள் வேலை அந்த நிமிடத்தில் தொடங்கியதாகவே கொள்கிறார்கள். எந்த ஆலோசகர் பயிற்சியிலும் இதைவிட நல்ல முதல் பாடம் இருக்க வழியில்லை. அடி நிறுத்தப்பட்டது. தெரியாதவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போனபோது, தெரிந்த ஒன்று கிடைக்கும் வரை கேள்வி நிற்கவில்லை.

பையன்களைத் தொழில் பழகப் பட்டறைகளில் சேர்த்தபோது அவர் முதலாளிகளிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார். 1851, 52ஆம் ஆண்டுத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. வாயால்தான் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது. நம் மாநிலத்தில் பிள்ளைகளை அடிப்பதற்கு இடம் கொடுத்திருந்த கல்வி விதியைத் திருத்தியது 2003இல் என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு இன்னும் கூடுதலாக.

அவருடைய முறையைப் பற்றி 1877இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பகுத்தறிவு, சமயம், அன்பு என்று மூன்று தூண்கள் சொல்வார்கள். தப்பு நடந்தபின் தண்டிக்கிற ஆளாக இராமல், அது நடக்கவே இடமில்லாதபடி பிள்ளைகளுக்கு நடுவிலேயே இருக்கிற ஆளாக இரு என்பது விஷயம். இதைவிட எனக்குப் பிடித்தது 1884 மே மாதம் உரோமையிலிருந்து அவர் டூரினில் பையன்களுக்காக நடத்திய தம் இல்லத்துக்கு எழுதிய கடிதம். அதற்குள் இல்லம் வளர்ந்து பெரிய நிறுவனமாகிவிட்டது. கனவில் கண்டதாகச் சொல்லி, பழைய விளையாட்டு நேரத்தையும் புதிய விளையாட்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அன்று பெரியவர்கள் பிள்ளைகளோடு ஓடினார்கள். இன்று பெரியவர்கள் ஓர் ஓரத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், பிள்ளைகள் தூண்களில் சாய்ந்து சலித்துப் போயிருக்கிறார்கள். நீங்கள் அவர்களை நேசிக்கிறீர்கள், சரி, அது அவர்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் கடிதத்தின் கேள்வி. நிறுவனம் வளர வளரக் கவனிப்பு மெலியும் என்பதை நிறுவியவரே வாழ்நாளில் கண்டு எழுதிவைத்தது பெரிய விஷயம். நம் விழா மலர்களில் இப்படி ஒரு கடிதத்துக்கு இடம் கிடைக்காது.

1906 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் சமயம், சலேசியர்கள் முதன்முதலாக இந்தியாவில் காலூன்றியது தஞ்சாவூரில். மயிலாப்பூர் ஆயரின் அழைப்பில் ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையில் சிறு குழு. அநாதைச் சிறுவர் இல்லமும் பள்ளியும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. கொள்ளிடம் தாண்டினால் நம் ஊர். அடுத்த ஆண்டு வந்த யூஜின் மெதர்லே தஞ்சையில் பங்குப் பணி செய்து, 1928இல் சென்னைப் பேராயரானார். அதன்பின் அவர்களுடைய வேலையின் கனம் சென்னைக்கும் வட ஆற்காட்டுக்கும் நகர்ந்தது. நம் மாவட்டத்தில் இன்று வரதராசன்பேட்டையில் தொன் போஸ்கோ மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. முந்திரிக் காட்டு ஊர்.

போஸ்கோவின் தாய் மார்கரீத்தா 1846இல் மகனோடு வந்து தங்கி, பத்து ஆண்டுகள் அந்தப் பையன்களுக்குச் சமைத்தும் கிழிசல் தைத்தும் வாழ்ந்து அங்கேயே இறந்தவர். முதலில் வந்து தங்கிய பையனிடம் படுக்கப் போகுமுன் அவர் நாலு நல்ல வார்த்தை சொன்னாராம். அதிலிருந்து வந்ததுதான் சலேசிய விடுதிகளில் இரவு செபம் முடிந்ததும் நடக்கிற குட் நைட் பேச்சு. ஐந்து நிமிடம்தான். அன்று நடந்த ஒரு விஷயம், ஒரு தமாஷ், சில சமயம் பெயர் சொல்லாத ஒரு கண்டிப்பு. படித்துப் பெரிய வேலைக்குப் போனவர்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1899இல் பாண்டிச்சேரியிலிருந்து பிரித்துக் கும்பகோணம் மறைமாவட்டம் அமைந்தது. நம் பக்கத்துப் பங்குகள் பலவும் அதில்தான். பெரிய பங்கு என்றால் கோயில், சாமியார் வீடு, பள்ளிக்கூடம், போர்டிங் என்ற வரிசை அமைந்துவிடும். போர்டிங் என்றால் தகரப் பெட்டி, பாய், அலுமினியத் தட்டு. விடியலில் மணி, கிணற்றடிக் குளியல், ஸ்டடி. மூன்று வேளை சோறு நிச்சயம் என்பதற்காகவே பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் ஏராளம். அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. விசிட்டிங் ஞாயிறன்று முறுக்கும் கருப்பட்டியும் துணியில் முடிந்து கொண்டுவரும் தாய், வராமல் போன தாய்க்காகக் கேட் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கும் பையன், அவனை ஏதோ வேலை சொல்லி அந்த இடத்தைவிட்டு நகர்த்துகிற வார்டன். அந்த வார்டன் உளவியல் படித்தவரல்ல. யார் அம்மா வரவில்லை என்ற கணக்கு அவர் தலையில் இருந்தது, அவ்வளவுதான்.

போர்டிங்கைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அங்கே அழுதவர்கள் மன்னிக்க மாட்டார்கள். பிரம்பு பேசிய விடுதிகள் உண்டு. படுக்கையை நனைத்த பையனை அந்தப் பாயோடு வரிசையில் நிறுத்தியதுண்டு. சாதி பந்தியில் வந்து உட்கார்ந்தது. ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சைக் கிறிஸ்தவர்களில் ஒரு பெரும் பகுதி எதிர்த்து நின்றது. எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர் சுவார்ட்ஸிடம் படித்த வேதநாயக சாஸ்திரியாரே. அந்த விவாதம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டதையும், அதற்குப்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையையும் பார்க்க வேண்டும். கையில் கட்டும் வண்ணக் கயிற்றிலிருந்து பேசும் அறிக்கை அது. ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. போர்டிங் வார்டனின் வேலையைத்தான் வேறு பெயரில் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பெருங்குறை, விடுதி பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடும் என்பது. இதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்மணி கண்ட வழி நல்லது. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு 1840இல் வந்தார் எலைசா அக்னியூ. 1879 வரை இருந்தார். இடையில் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. படிப்பு முடித்து மணமாகிப் போன பெண்களை அவர் விடவில்லை. விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் போய் அவரவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவார். ஆயிரம் மகள்களின் தாய் என்று பெயர் வந்தது அதனால்தான். கன்னியர் பள்ளிகளில் கோடை லீவில் பிள்ளைகளின் வீடு வீடாகச் சிஸ்டர்கள் போவது நம் பக்கமும் இருந்த வழக்கம். குடிசையில் தரையில் உட்கார்ந்து நீராகாரம் குடித்துவிட்டு எழுந்த ஆசிரியைக்கு, அந்தப் பிள்ளை ஏன் வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று விளக்க வேண்டியிருக்காது. எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவும் இணையப் படிவமும் வந்தபிறகு ஆசிரியருக்கு அதற்கு நேரம் எங்கே என்பார்கள். உண்மைதான். ஆனாலும் போன வழக்கங்களில் எனக்கு அதிகம் வலிக்கிற ஒன்று இது.

சட்டம் இந்த வேலைக்குள் வந்தது கடந்த 20 ஆண்டுகளில்தான். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடுத்தது. 2012இல் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, 2014இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் வந்தது. உரிமம், காவலாளி, பெண் காப்பாளர் எல்லாம் கட்டாயம். சிறிய விடுதிகள் சில இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடின. மூடியது நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

போக்சோ விஷயத்தில் திருச்சபை வட்டாரத்தில் ஒரு பழைய பழக்கத்தை மறந்தாக வேண்டும். வெளியே தெரிந்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர், உள்ளேயே பேசி முடிப்போம், ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்ற பழக்கம். அந்தச் சட்டப்படி, தெரிந்தும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லாமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இதை ஆசிரியர் கூட்டத்தில் ஆண்டுக்கொரு தடவை வாசித்துக் காட்டுவது, பெற்றோர் கூட்டத்தில் அதைவிட உரக்க வாசிப்பது, இரண்டும் பராமரிப்பின் பகுதி. விடுதியின் அன்பைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவதைக் கவனித்திருக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பேச்சில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. குழுமூர் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை போன பிள்ளை 2017 செப்டம்பர் 1ஆம் தேதி தன் உயிரை முடித்துக்கொண்டாள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்குக்கு இப்போது அவள் பெயர். தேர்வு முறையின் நியாய அநியாயம் தனியாகப் பேச வேண்டியது, பேசவும் வேண்டும். பள்ளிக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று. மதிப்பெண் பட்டியல் வாங்கிக்கொண்டு வெளியேறிய பிள்ளைக்கு அடுத்த ஆறு மாதம் நாம் யார்? முடிவு வந்த நாளில் பேனர் வைக்கிறோம். இடம் கிடைக்காத நாளில் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்?

இப்படிப்பட்ட சாவு தடுக்க முடியாத ஒன்று என்பதும் சரியல்ல. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகா அமைப்பைத் தொடங்கினார். தேர்வு முடிவு வரும் நாள்களில் தோல்வியுற்ற பிள்ளைகளோடு பேச ஆளை உட்காரவைத்தது அந்த அமைப்பு. தவறிய பாடத்தை ஓர் ஆண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் துணைத்தேர்வு வந்ததும் எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கிறது. ஓர் ஆண்டு என்பது பதினைந்து வயதில் ஆயுளாகத் தெரியும். அதைச் சுருக்கிக் கொடுத்தது ஓர் அரசாணை. கவனிப்பு என்பது கனிவான பேச்சோடு நிற்பதில்லை, கால அட்டவணையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். போர்டிங்குகளில் கூட்டம் குறைந்துவிட்டது. பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது, ஊருக்கொரு மெட்ரிக் பள்ளி வந்துவிட்டது, சோறு அரசுப் பள்ளியிலும் கிடைக்கிறது. நல்ல காரணங்கள்தான். நாலரைக்கு மணி அடித்ததும் வேன் கிளம்புகிறது. வீட்டில் அப்பா திருப்பூரிலோ வளைகுடாவிலோ. அம்மா வேலை முடிந்து வர இருட்டிவிடும். பாட்டி தொலைக்காட்சி முன்னால். பிள்ளை கையில் செல்போன். போர்டிங் நாள்களில் எந்த நேரத்தில் ஒரு பிரதரோ சிஸ்டரோ நடுவில் நின்றாரோ, அதே நேரத்தில் இப்போது யாரும் இல்லை. சண்டையும் கேலியும் காதலும் மிரட்டலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன, ஓசையில்லாமல். காலையில் வகுப்பில் தெரிவது தூக்கக் கலக்கம் மட்டும்.

பள்ளிகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஆலோசனை அறை என்று ஒன்று பல இடங்களில் வந்துவிட்டது. உதவிபெறும் பள்ளிக்கு அரசு சம்பளம் தரும் பணியிடங்களில் ஆலோசகர் என்று ஒரு பெயர் வழக்கத்தில் இல்லை. நிர்வாகம்தான் பார்த்து யாரையாவது வைக்கிறது, பெரும்பாலும் சமூகப்பணி படித்த ஒரு சிஸ்டரை. அறை அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உள்ளே போகிற பிள்ளையைப் பள்ளியே பார்க்கும். "அவ கவுன்சிலிங் போறா" என்றால் அடுத்த நாள் அதுவே கேலி. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனை. யார் திறக்கிறார், எப்போது திறக்கிறார் என்பதில் இருக்கிறது அதன் உயிர். திறக்கிற ஆள் மேல்தான் புகார் என்றால்?

மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மழுப்பியதாகும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நல்லொழுக்க வகுப்பு வைப்பது அதை ஒட்டிய வழக்கம். இதை ஒழுங்காகக் காப்பதில்தான் பள்ளியின் கவனிப்புக்கு நாணயம் இருக்கிறது. பிள்ளை மனம் உடைந்து அழும்போது அவளுடைய சாமி யார் என்று பார்ப்பதோ, நம் சாமியை அந்த நேரம் பார்த்து நீட்டுவதோ சுவார்ட்ஸ் காலத்திலேயே தேவைப்படவில்லை.

இந்தக் கட்டுரை வரும் விழா மலருக்குப் பணம் கொடுத்தவர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. விழா என்றால் பழைய மாணவர் சங்கம் நுழைவாயில் வளைவு கட்டும். நம் மாவட்டத்துச் சிமென்ட் அதற்கு அலுக்காது, வளைவுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அந்தத் தொகையில் ஒரு நல்ல ஆலோசகருக்குச் சில ஆண்டுச் சம்பளம் கொடுக்க முடியும். அவர் அறையில் உட்கார வேண்டாம். மாலை நாலரையிலிருந்து கடைசி வேன் போகும் வரை திடலில் இருக்கட்டும், பந்து பொறுக்கிப் போடட்டும், யார் விளையாட வரவில்லை என்று பார்க்கட்டும். சனிக்கிழமை வீடுகளுக்குப் போகட்டும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் விடுப்பு எடுக்காமல் இருக்கட்டும். அதற்குப் பேருந்துச் செலவும் கொடுங்கள்.

பின்னட்டையில் வழக்கம்போல நகைக்கடை விளம்பரம் வரும் என்று கேள்வி. அதில் கால் பக்கம் ஒதுக்கி, பத்தாம் வகுப்புப் பிள்ளை எளிதாகப் பார்க்கும்படி பெரிய எழுத்தில் மூன்று எண்களைப் போடலாம். குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித் துறையின் ஆலோசனைக்கு 14417. மனநல உதவிக்கு 14416.